மறைவு அறிவிப்புகளில் ஒரு வண்டி

டெல்பர்ட் பெனிக் ஊரை விட்டுப் போனது ஜனவரியில், பனித்தளத்தில் கல்லை வழுக்கி விட்டு ஆடும் கர்லிங் பந்தயம் தொடங்கிய வெள்ளிக்கிழமை. அன்றைக்கு அப்படியொரு குளிர். இரவெல்லாம் வாசலில் நின்ற அவர் வண்டியின் டயர்கள், தரையில் பட்ட இடத்தில் தட்டையாக உறைந்து போயிருந்தன. ஊராட்சி அலுவலகம் வரைக்கும் அது தடக் தடக்கென்று நொண்டிக்கொண்டே வந்தது. பின்னால் கட்டியிருந்த இழுவைப் பெட்டியில் அவருடைய சாய்வு நாற்காலியும் தூண்டில்களும், இத்தனை வருடம் ஆஸ்பென் கிராசிங் ஊருக்குச் செயலாளராக இருந்ததற்காக ஊர் கொடுத்த சுவர்க்கடிகாரமும் இருந்தன. மேற்குக் கடற்கரையில், பனி அதிகம் விழாத ஒரு தீவில், மகள் வீட்டுக்குப் பக்கத்திலேயே வீடு வாங்கியிருந்தார்.

எஞ்சினை அணைக்காமலே உள்ளே வந்து வெர்னா ஹ்ரிஷ்கோவின் மேசையருகே நின்றார். கையுறையைக்கூடக் கழற்றவில்லை.

"இனிமே இணையதளம் உன் தலையில. கடவுச்சொல் என் நாய் பேரு."

"எந்த நாய்? மூணு வச்சிருந்தீங்களே."

"கடிக்காதது."

"அப்புறம் என்ன செய்யணும்?"

"ஒண்ணுமில்ல. எழுது. வலது பக்கம் வகைன்னு ஒரு கட்டம் இருக்கும், அதுல எதுக்குள்ள போகணுமோ அதுக்கு டிக் போடு. வெளியிடுன்னு ஒரு பொத்தான், அதை அமுக்கு. உலகமே பாக்கும்."

"உலகத்துல யாரு நம்ம ஊரைப் பாக்கப் போறா?"

"அதுவும் சரிதான்" என்று சொல்லிவிட்டு டெல்பர்ட் அவள் தோளை ஒருமுறை தட்டினார். வண்டி நொண்டிக்கொண்டே நெடுஞ்சாலைப் பக்கம் திரும்பி மறைந்தது. சொல்ல வேண்டிய இன்னொன்றை அவர் சொல்ல மறந்துவிட்டார் என்பது அவருக்கும் தெரியாது, அவளுக்கும் தெரியாது.

வெர்னா அந்த ஊருக்கு வடக்கே இருந்த ஒரு பண்ணையில் பிறந்தவள். பள்ளி முடித்த கையோடு ரயில் பாதையோரத் தானியக் கிடங்கில் வேலைக்குச் சேர்ந்தாள். லாரி எடை மேடையில் ஏறி நிற்கும்போதே, சன்னல் வழியாக ஓட்டுநரின் முகத்தைப் பார்த்து, அந்த வருட விளைச்சல் எப்படி என்று சொல்லிவிடுவாள். கம்பெனி கிடங்கை மூடி இடித்துத் தள்ளிய பிறகு ஊராட்சி அலுவலகத்தில் வாரத்துக்கு மூன்று நாள் வேலை கிடைத்தது. வரி ரசீது போடுவாள், நாய்க்கு உரிமம் எழுதுவாள், பனி வாரும் வண்டி தன் வீட்டு வழியை அடைத்துவிட்டது என்று தொலைபேசியில் திட்டுபவர்களிடம் திட்டு வாங்குவாள். ஐம்பத்தெட்டு வயது. கணவன் ஓரெஸ்ட் நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு, காலை பத்து மணிக்குக் கஃபேயில் மற்ற ஆண்களோடு உட்கார்ந்து, யார் காபிக்குக் காசு கொடுப்பது என்று பகடை உருட்டுவதை முழுநேர வேலையாக வைத்திருந்தான்.

பெரிதாக எதையும் கேட்டுப் பழக்கமில்லாத வெர்னா, வாழ்க்கையில் ஒரே ஒரு பொருளுக்காக ஊராட்சிக் கூட்டத்தில் எழுந்து நின்று பேசியிருக்கிறாள். அது ஒரு வண்டி.

நகரத்துக்குப் போய்க்கொண்டிருந்த பேருந்து நின்றுபோய் இரண்டு குளிர்காலம் ஆகியிருந்தது. கண் ஆபரேஷனுக்கும் புற்றுநோய் ஊசிக்கும் பிராண்டனுக்குத்தான் போக வேண்டும். ஒன்றரை மணி நேரப் பயணம். பிள்ளைகள் பக்கத்தில் இல்லாதவர்கள் பாடு திண்டாட்டம். சக்கர நாற்காலி ஏறுகிற சாய்தளத்தோடு ஏழு பேர் உட்காரும் வண்டி ஒன்றை வட்டார நிர்வாகம் கடனாகத் தருகிறது என்று தெரிந்ததும், வெர்னா விடாமல் பேசி அதை ஊருக்கு வாங்கி வந்தாள். ஓட்டுவதற்கு ஓரெஸ்ட் உட்பட நான்கு பேர் தொண்டாகப் பெயர் கொடுத்தார்கள். அறுவடை முடிந்த கையோடு வண்டி வந்தது. தீயணைப்பு நிலையத்தின் பக்கவாட்டில் நிறுத்தி, மின்கம்பி சொருகி, எஞ்சின் உறையாமல் பார்த்துக்கொண்டார்கள்.

நின்றது, நின்றபடியே நின்றது. கிறிஸ்துமஸ் வரை அதில் ஏறியவர்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். கஃபேயில் அதற்கு 'வெர்னாவின் கோழிக்கூடு' என்று பெயர் வைத்தார்கள்.

மேயர் லாயிட் டக்வொர்த் அவளோடு ஒரே வகுப்பில் படித்தவர். நல்ல மனிதர்தான், ஆனால் காரணம் கேட்பார். டெல்பர்ட் போன மறுவாரம் அவள் மேசைக்கு வந்தார்.

"வெர்னா, அந்த வண்டி விஷயம். பக்கத்து ஊர்க்காரங்க கேக்கறாங்க. ஏப்ரல் கூட்டத்துல திருப்பிக் குடுத்துரலாமான்னு ஓட்டுக்கு விடப்போறேன்."

"ஆளுங்களுக்குத் தெரியல லாயிட். தெரிஞ்சா வருவாங்க."

"தெரியலையா? இணையதளத்துல போட்டிருக்கே. நானே பாத்தேன்."

"எங்க பாத்த?"

லாயிட் கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்தார். "டெல்பர்ட் காட்டினாரு" என்றார்.

அன்று சாயங்காலம் வெர்னா மடிக்கணினியைச் சமையலறை மேசையில் வைத்து, ஓரெஸ்ட்டைக் கூப்பிட்டாள்.

"உனக்குக் கண்ணுல ஆபரேஷன். நான் செத்துட்டேன். பிராண்டனுக்குப் போகணும். வண்டி எங்க கிடைக்கும்னு ஊர்த் தளத்துல தேடு."

"நீ எப்படிச் செத்த?"

"உன்னைக் கல்யாணம் பண்ணி. தேடு."

ஓரெஸ்ட் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிக்கொண்டு பார்த்தான். பக்கத்தின் மேலே வகைகள் வரிசையாக நின்றன. பொதுப்பணிக் குழு. நிதி மற்றும் நிர்வாகம். துணைவிதிகள். பாதுகாப்புச் சேவைகள். வட்டாரக் கூட்டாண்மைகள். கலாசாரம் மற்றும் ஓய்வுநேரம். கடைசியில் மறைவு அறிவிப்புகள். ஊராட்சிக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரல் எந்த வரிசையில் போகுமோ அதே வரிசையில் டெல்பர்ட் தளத்தையும் கட்டியிருந்தார். அவருக்கு அது கண்ணை மூடிக்கொண்டே தெரியும்.

ஓரெஸ்ட் 'பாதுகாப்பு'க்குள் போனான். தீயணைப்பு நிலையத்தில்தானே வண்டி நிற்கிறது என்று ஒரு கணக்கு. அங்கே புகை எச்சரிக்கைக் கருவிக்குப் பேட்டரி மாற்றச் சொல்லியிருந்தது. 'பொதுப்பணி'க்குள் போய்ப் பனி வாரும் விதிகளில் மாட்டிக்கொண்டான். பிறகு எதையோ ஊன்றிப் படிக்கத் தொடங்கினான்.

"கண்டுபிடிச்சியா?"

"இல்ல. நூலகத்துப் பூனை தொலைஞ்சு போச்சாம். அதைப் படிக்கிறேன்."

வண்டி 'வட்டாரக் கூட்டாண்மைகள்' என்பதற்குள், குப்பை மேட்டு ஒப்பந்தத்துக்கும் களைக்கொல்லி ஆலோசகரின் தொலைபேசி எண்ணுக்கும் நடுவில் இருந்தது. வட்டாரத்தோடு ஒப்பந்தம் போட்டு வாங்கியது என்பதால் டெல்பர்ட்டுக்கு அதுதான் நியாயமான இடம்.

"அதுக்குள்ள யாரு போவா?" என்றான் ஓரெஸ்ட். "கூட்டாண்மைங்கறதைப் பாத்தா எனக்கு வக்கீல் ஞாபகம் வருது."

வெர்னாவுக்கு அப்போதுதான் உறைத்தது. வண்டி தீயணைப்பு நிலையத்தில் நிற்கவில்லை. யாரும் திறக்காத இந்த இழுப்பறைக்குள் நிற்கிறது. ஏப்ரல் கூட்டம் வருவதற்குள் அதை வெளியே எடுத்தாக வேண்டும்.

அலமாரியை அடுக்குவதில் வெர்னாவுக்கு ஒரு முறை உண்டு. முதலில் எல்லாவற்றையும் வெளியே எடுத்து மேசைமேல் பரப்பிவிடுவாள். பிறகு தட்டுகளைத் துடைப்பாள். அப்புறம்தான் எது எங்கே என்று யோசிப்பாள். பழைய அடுக்கிலேயே நகர்த்தி நகர்த்தி வைத்தால் பழைய குப்பைதான் மிஞ்சும் என்பது அவள் கட்சி. தளத்தின் பின்கட்டான நிர்வாகப் பக்கத்திலும் அவள் அதையே செய்தாள். அந்தச் சனிக்கிழமை மதியம் உட்கார்ந்து, டெல்பர்ட்டின் வகைகளை ஒவ்வொன்றாக அழித்தாள். வகை போனாலும் அதற்குள் இருக்கும் பதிவுகள் போகாது என்று மென்பொருளே ஒவ்வொரு முறையும் உறுதி சொன்னது. அவை எங்கேயோ மேசைமேல் பரப்பின மாதிரிக் காத்திருக்கும், புது வகைகளைப் போட்டுவிட்டு எடுத்து அடுக்கிக்கொள்ளலாம் என்று நினைத்தாள்.

மறைவு அறிவிப்புகளை மட்டும் அழிக்க விடவில்லை. மற்றவற்றுக்குப் பக்கத்தில் இருந்த 'அழி' என்ற சொல்லே அதற்குப் பக்கத்தில் இல்லை. இறந்தவர்களுக்கு ஏதோ மரியாதை போலிருக்கிறது என்று வெர்னா அதை விட்டுவிட்டாள்.

அதற்குள் மணி மூன்றாகிவிட்டது. கர்லிங் அரங்கின் சமையலறையில் அன்று அவள் முறை. பக்கத்து ஊருக்கு எதிரான இரண்டாவது வாரப் போட்டி நடந்துகொண்டிருந்தது. மடிக்கணினியை மூடிவிட்டு, பெரோகி என்ற உருளைக்கிழங்குக் கொழுக்கட்டைக்கு வெங்காயம் வதக்கப் போய்விட்டாள்.

அந்த ஊரில் காலையில் எழுந்ததும் பல் துலக்குவதற்கு முன்னால் எல்லாரும் செய்வது ஒன்று உண்டு: யார் போனார்கள் என்று பார்ப்பது. முன்பெல்லாம் அறிவிப்பைக் கூட்டுறவுக் கடைக் கதவில் ஒட்டுவார்கள். கதவில் கறுப்புப் பட்டையோடு தாள் தெரிந்தால் லாரியை நிறுத்தி இறங்கிப் படிப்பார்கள். இப்போது தளத்தில் போடுகிறார்கள். துணைவிதிகளையும் நிதி நிர்வாகத்தையும் ஊரில் ஒருவரும் திறந்ததில்லை. மறைவு அறிவிப்புகளைத் திறக்காத ஆள் இல்லை. சாயங்காலமும் ஒருமுறை பார்ப்பார்கள்.

வெர்னா பெரோகித் தட்டை நீட்டிக்கொண்டிருந்தபோது, வரிசையில் நின்ற மருந்துக்கடைக்காரி ஃப்ரீடா கைபேசியிலிருந்து தலையைத் தூக்கினாள். முகம் வெளுத்திருந்தது.

"வெர்னா, லாயிட் போயிட்டாரா?"

"எங்க போனாரு? அங்கதான் இருக்காரு."

கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம், பனித்தளத்தில் வழுக்கி வந்த கல்லுக்கு முன்னால் லாயிட் துடைப்பத்தால் பனியைத் தேய்த்து வழி விட்டபடி குனிந்து ஓடிக்கொண்டிருந்தார். முகம் பீட்ரூட் மாதிரிச் சிவந்திருந்தது.

ஃப்ரீடா கைபேசியைத் திருப்பிக் காட்டினாள். மேலே எரிகிற மெழுகுவத்திப் படம். 'நம்மை விட்டுப் பிரிந்தவர்கள்.' அதன் கீழே கோட்டு சூட்டில் சிரித்துக்கொண்டு லாயிட். அது அவருடைய புத்தாண்டு வாழ்த்துச் செய்தி. 'அன்பார்ந்த ஊர் மக்களே, நான் எங்கிருந்தாலும் என் நினைவெல்லாம் உங்களோடுதான்' என்று தொடங்கியது. புத்தாண்டுக்கு அவர் அரிசோனாவில் இருந்தார்.

அதற்குக் கீழே பனி வாரும் விதிகள் இறந்திருந்தன. நூலகத்துப் பூனை இறந்திருந்தது. லூத்தரன் தேவாலயப் பாடகர் குழு மொத்தமாகப் போய்விட்டிருந்தது, குழுப் படத்தோடு.

வெர்னா கரண்டியைக் கீழே வைத்தாள். வகையில்லாமல் போன பதிவுகளெல்லாம், இருந்த ஒரே வகைக்குள் போய் விழுந்திருக்கின்றன.

அதற்குள் அரங்கு முழுக்கச் செய்தி பரவிவிட்டது. ஒருவன் கண்ணாடியைத் தட்டி, "லாயிட், உனக்கு எப்ப அடக்கம்?" என்று கத்தினான். ஆட்டம் முடிந்து லாயிட் உள்ளே வந்தார். அங்கே ஜெயித்தவர்கள் தோற்றவர்களுக்கு முதல் கோப்பை பீர் வாங்கிக் கொடுத்து, இரண்டு அணியும் ஒரே மேசையில் உட்காருவது வழக்கம். லாயிட் தோற்றிருந்தார். எதிரணிக்காரர்கள் எழுந்து தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டார்கள்.

லாயிட் நேரே சமையலறைச் சன்னலுக்கு வந்தார்.

"ரெஜைனாலேர்ந்து என் அக்கா கூப்பிட்டா. அழுதுகிட்டே. நான் பேசினதும் இன்னும் ஜாஸ்தி அழுதா."

"மன்னிச்சுக்க லாயிட். நான் அடுக்கலாம்னுதான்..."

"வண்டிக்காகவா இதெல்லாம்?"

"ஆமா."

அவர் சிரித்திருந்தால் அவளுக்குத் தேவலாம் போலிருந்திருக்கும். "வெர்னா, ஒருத்தரும் ஏறாத வண்டிக்காக ஊரையே கொன்னுருக்க. காலையில சரி பண்ணிரு. ஏப்ரல்ல திருப்பிக் குடுத்துரலாம், விடு" என்று சொல்லிவிட்டுத் தன் கோப்பையை நோக்கிப் போனார்.

அவள் திரும்பி நின்று பாத்திரம் கழுவினாள். பக்கத்தில் நின்றவர்கள் அவளைக் கேலி செய்யாமல் விட்டுவிட்டார்கள்.

மறுநாள் காலை தேவாலயத்துக்குப் போகாமல் வெர்னா சமையலறை மேசையில் மடிக்கணினியோடு உட்கார்ந்தாள். டெல்பர்ட்டைத் தொலைபேசியில் பிடித்தாள். அங்கே மழை பெய்யும் சத்தம் கேட்டது.

"அடடா" என்றார் டெல்பர்ட். "அதை உன்கிட்ட சொல்லலையா? டிக் போட மறந்தா எல்லாம் அதுக்குள்ளதான் போகும். நான்தான் அப்படி வச்சேன்."

"எதுக்கு அப்படி வச்சீங்க? ஏதாவது 'இதர'ன்னு வச்சிருக்கலாமே."

"முதல்ல அப்படித்தான் இருந்துச்சு. பழைய தபால்காரர் ஸ்டீவ் வாசிலிஷின் இறந்தப்ப அறிவிப்பு போட்டேன், டிக் போட மறந்துட்டேன். அது 'இதர'க்குள்ள போயிருச்சு. யாரும் பாக்கல. அடக்கத்துக்கு எட்டு பேருதான் வந்தாங்க. ஊருக்கே கடுதாசி குடுத்த மனுசன். அன்னிக்கு மாத்தினேன். வேற எது தொலைஞ்சாலும் பரவால்ல, இனிமே ஒரு சாவு தொலையக் கூடாதுன்னு."

டெல்பர்ட் மீது வெர்னாவுக்கிருந்த கோபம் அதோடு போயிற்று.

"சரி. மழை பெய்யுதா அங்க?"

"வந்த நாள்லேர்ந்து நிக்கல" என்றார் அவர் சுரத்தில்லாமல்.

பதிவுகளை ஒவ்வொன்றாகத் திறந்து, இறந்தவர்களையும் இறக்காதவர்களையும் அவள் பிரித்துக்கொண்டிருந்தபோது தொலைபேசி அடித்தது. முன்பின் கேட்காத பெண்குரல். நிதானமாக, கொஞ்சம் மூச்சு வாங்கிப் பேசினாள்.

"ஊராட்சியில வேலை செய்யற அம்மாவா? நான் யூனிஸ் தோர்லாக்சன். வடக்கே, ஏரிப் பக்கத்துப் பண்ணை."

"சொல்லுங்க யூனிஸ். உங்களுக்குத் தெரிஞ்சவங்க யாராவது அதுல தப்பா வந்துட்டாங்களா? மன்னிக்கணும், அது என் தப்புதான்."

"அதில்ல. நான் சாவுப் பக்கத்தை ஒண்ணு விடாமப் படிக்கிறவ. நேத்து நீளமா இருந்துச்சு, நேரம் போகட்டும்னு கீழ வரைக்கும் படிச்சேன். அதுல ஒரு வண்டின்னு போட்டிருக்கு. பிராண்டனுக்குப் போகுமாம். அதுவும் செத்துப்போச்சா, இல்ல இன்னும் ஓடுதா?"

வெர்னா கையிலிருந்த காபியைக் கீழே வைத்தாள்.

"ஓடுது."

"எனக்கு ரத்தம் சுத்தம் பண்ணணும். வாரத்துக்கு மூணு நாள். நானேதான் ஓட்டிட்டுப் போறேன். போகும்போது பரவால்ல. வரும்போதுதான் கை நடுங்குது. போன வாரம் சாலையை விட்டு இறங்கிப் பள்ளத்துல நின்னுட்டேன். ஒரு தானிய லாரிக்காரன் வந்து இழுத்துவிட்டான்." அவள் நிறுத்தி மூச்சு வாங்கினாள். "இந்தக் குளிர்காலத்தோட போறதையே விட்டுரலாம்னு இருந்தேன். பையன்கிட்ட சொல்லல."

"நாளை மறுநாள் போகணுமா உங்களுக்கு?"

"ஆமா. அதுக்கு என்ன தகுதி வேணும்? எழுபது வயசு ஆயிருக்கணுமா?"

"வண்டியில ஏறத் தெரிஞ்சிருக்கணும். ஏற முடியலன்னாலும் சாய்தளம் இருக்கு. எங்க வீட்டுக்காரர் வருவாரு. கொஞ்சம் பேசுவாரு, பொறுத்துக்கங்க."

செவ்வாய்க்கிழமை ஓரெஸ்ட் அவளை அழைத்துக்கொண்டு போய், நான்கு மணி நேரம் மருத்துவமனையில் காத்திருந்து, திரும்பக் கொண்டுவந்து விட்டான். அன்று கஃபேயில் அவனுக்குப் பதிலாக யாரோ பகடை உருட்டினார்கள்.

"என்ன பேசினீங்க வழியெல்லாம்?" என்று வெர்னா கேட்டாள்.

"என்னை எங்க பேச விட்டா? வர்ற வழியில தூங்கிட்டா. வாயைத் திறந்துகிட்டு, நிம்மதியா. ரேடியோவைக்கூட அணைச்சுட்டேன்."

அந்த வாரத்துக்குள் இன்னும் மூன்று பேர் கூப்பிட்டார்கள். எல்லாரும் அதே பக்கத்தில், அதே மெழுகுவத்திக்குக் கீழே பார்த்தவர்கள்.

வெர்னா புதிய வகைகளுக்கு ஏற்கெனவே பெயர் யோசித்து வைத்திருந்தாள். போக்குவரத்து, சமூக நலம், நிகழ்வுகள் என்று கௌரவமான பெயர்கள். அவற்றை மறுபடி பார்த்தபோது, டெல்பர்ட்டின் நாற்காலியில் தான் உட்கார்ந்திருப்பதாகத் தோன்றியது. தனக்குத் தெரிந்த வரிசையில் தானும் அடுக்கிக்கொண்டிருக்கிறாள். தேடுகிறவர்களை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அடுத்த சனிக்கிழமை அவள் கெட்டி அட்டைகளை நறுக்கி, ஒவ்வொன்றிலும் ஒரு பதிவின் பெயரை எழுதிக்கொண்டு கர்லிங் அரங்குக்குப் போனாள். ஆட்டம் முடிந்து இரண்டு அணியும் ஒரே மேசையில் உட்காரும் அந்த அரை மணி நேரம், யாரும் எழுந்து ஓட முடியாது. ஜெயித்தவன் வாங்கிக் கொடுத்ததைக் குடித்து முடிக்காமல் போவது மரியாதையில்லை. கோப்பைகளுக்கு நடுவில் அட்டைகளைப் பரப்பினாள்.

"சேர்ந்தாப்பல இருக்க வேண்டியதை ஒண்ணா வைங்க. வச்ச பிறகு அந்தக் கும்பலுக்கு ஒரு பேரு சொல்லுங்க."

"நம்மளைக் கொன்னதுக்கு இதுதான் கருமாதியா?" என்றான் ஒருவன்.

"ஆமா. ஒழுங்கா அடுக்கு, இல்லன்னா உன் பேரையும் போட்டுருவேன்."

முதலில் சிரித்துக்கொண்டே செய்தார்கள். பிறகு சண்டை வந்தது. வீட்டு எண் பலகை பனி வாருவதோடு சேருமா, வரியோடு சேருமா என்று இரண்டு பேர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு வாதாடினார்கள். இலையுதிர்காலத்துக் கோழி விருந்தைத் தேவாலயத்தோடு வைக்கக் கூடாது, அது எல்லாருக்கும் பொது என்றாள் ஃப்ரீடா. வண்டி அட்டையை ஒருவர்கூட 'கூட்டாண்மை' என்று சொல்லவில்லை. ஒருவன் அதை மருத்துவர் வரும் நாளோடு வைத்தான். இன்னொருவன் பனிக்காலச் சாலை நிலவரத்தோடு வைத்தான். ஒரு மூதாட்டி அதைக் கையில் எடுத்து, தயங்காமல் மறைவு அறிவிப்பின் பக்கத்தில் வைத்தாள்.

"ஏன் அங்க?" என்று வெர்னா கேட்டாள்.

"அடக்கத்துக்கு எப்படிப் போறதாம்? என் தங்கச்சி அடக்கத்துக்கே நான் போகல. கூட்டிட்டுப் போக ஆளில்ல."

மூதாட்டி தன் கோப்பையைக் குடித்தாள்.

மாதக் கடைசியில் தளம் புது உருவத்துக்கு வந்தது. மேலே வகைகள் இப்படி நின்றன: யார் போனார்கள். எப்படிப் போவது. சாலையும் பனியும். டாக்டரும் மருந்தும். சாப்பாடும் கூட்டமும். எதற்குப் பணம் கட்டுவது. லாயிட்டுக்கு அது பிடிக்கவில்லை.

"ஒரு ஊராட்சித் தளம் மாதிரியா இருக்கு? கஃபேயில பேசற மாதிரி இருக்கு."

"கஃபேயில பேசறவங்கதான் பாக்கறாங்க."

"அது இருக்கட்டும். சாவு அறிவிப்புக்குக் கீழயும் வண்டியைப் போட்டிருக்கியே. துக்கத்துல இருக்கறவங்ககிட்ட விளம்பரமா?"

"ஒரு பதிவை ரெண்டு வகைக்குள்ள வைக்கலாம் லாயிட், அதுக்குத்தான் டிக் கட்டம் அத்தனை இருக்கு. அடக்கத்துக்குக் கூட்டிட்டுப் போறோம்னு ஒரே வரிதான். மெழுகுவத்தி இல்லாம. வேண்டாம்னா எடுத்துடறேன். ஆனா நீதான் எடுக்கச் சொன்னன்னு கேக்கறவங்ககிட்ட சொல்லுவேன்."

லாயிட் மேசை விளிம்பை விரலால் தட்டிக்கொண்டு நின்றார். எடுக்கச் சொல்லவில்லை. டெல்பர்ட் வைத்துவிட்டுப் போன அந்தப் பழைய ஏற்பாட்டையும் வெர்னா மாற்றவில்லை. டிக் போட மறந்த பதிவு இன்றைக்கும் 'யார் போனார்கள்' என்பதற்குள்தான் போகும். அதனால் ஒருமுறை கோடைக்கால நீச்சல் வகுப்பு அங்கே போய் விழுந்து, இரண்டு மணி நேரத்தில் ஏழு பேர் கூப்பிட்டுச் சொன்னார்கள்.

ஏப்ரல் கூட்டத்தில் வண்டியைத் திருப்பிக் கொடுக்கும் தீர்மானத்தை லாயிட் படித்தார். ஆதரிக்க ஆளில்லாமல் அது விழுந்தது. பின்வரிசையில் வழக்கமாகக் காலியாக இருக்கும் நாற்காலிகளில் சிலர் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களைக் கூட்டத்துக்கு அழைத்து வந்ததும் அந்த வண்டிதான். அதன் பிறகு எல்லாம் சுமுகமாகப் போயிற்று என்று சொல்ல முடியாது. ஓட்டுநர்களில் ஒருவருக்கு முதுகு பிடித்துக்கொண்டது, இன்னொருவர் குடிபெயர்ந்தார். சில புதன்கிழமைகளில் வண்டி ஒரே ஒரு ஆளோடு போய் வந்தது. செவ்வாய், வியாழன், சனி மட்டும் தவறவில்லை. வெர்னா தானே அந்த வண்டியை ஓட்டும் உரிமம் எடுத்து வியாழக்கிழமைகளில் ஓட்டத் தொடங்கினாள். யூனிஸ் முன்சீட்டில் உட்கார்ந்து, போகும்போது ஊர்க்கதை பேசுவாள், வரும்போது தூங்குவாள்.

இரண்டாவது குளிர்காலத்தின் நடுவில் யூனிஸை அவள் மகன் வினிபெக்குக்கு அழைத்துப் போனான். மாற்றுச் சிறுநீரகம் கிடைத்தால் எப்போது வேண்டுமானாலும் கூப்பிடுவார்கள், பக்கத்தில் இருக்க வேண்டும் என்று பெரிய மருத்துவமனையில் சொல்லியிருந்தார்கள். முன்சீட்டை வெர்னா காலியாகவே வைத்திருந்தாள். யாராவது உட்காரப் போனால், பின்னால் இன்னும் சூடாக இருக்கும் என்று சொல்லி அனுப்புவாள். வாரங்கள் போயின. தினமும் காலையில் மறைவு அறிவிப்புகளுக்கு வரும் மின்னஞ்சலைத் திறக்கும்போது, முதலில் பெயரைப் பார்த்துவிட்டுத்தான் மூச்சு விடுவாள்.

சாலையோரப் பள்ளங்களில் பனி உருகி நீரோடத் தொடங்கிய ஒரு திங்கட்கிழமை, தளத்தின் 'எங்களுக்கு எழுதுங்கள்' பக்கத்திலிருந்து ஒரு செய்தி வந்தது. எந்த வகை என்று கேட்ட இடத்தில் 'எப்படிப் போவது' என்று தேர்ந்தெடுத்திருந்தது. ஓரெஸ்ட் அலுவலகத்தில் காபி வாங்கிக்கொண்டு வந்து நின்றிருந்தான். வெர்னா அவனுக்குக் கேட்கும்படி படித்தாள்.

"வெர்னா, புது சிறுநீரகம் வச்சு ஆறு வாரம் ஆச்சு. வேலை செய்யுது. முன்னாடியே எழுதியிருப்பேன், நம்பிக்கை வர நாளாச்சு. என் சீட்டை யாருக்காவது குடுத்துருங்க. சீக்கிரம் குடுங்க, சும்மா வச்சிருக்காதீங்க. ஜூன்ல ஊருக்கு வரேன், நானே ஓட்டிக்கிட்டு. யூனிஸ்."